சர்க்கரைக்குச் சிபாரிசு செய்யும் புரதம்

“பிறந்து ஆறு வாரம்தான் ஆகிறது. ஒரே ஊசியில் ஐந்து நோய்களுக்கான மருந்து. அந்தச் சின்ன உடம்பு தாங்குமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

தாங்கும். பிறந்த நாளிலிருந்தே குழந்தையின் தோலிலும் குடலிலும் கோடிக்கணக்கில் பாக்டீரியாக்கள் குடியேறுகின்றன. அந்தக் கூட்டத்தின் முன் தடுப்பூசி ஒரு பொருட்டே இல்லை. அந்த ஐந்து நோய்களில் ஒன்றான கக்குவான் இருமலின் கிருமியை முழுதாகக் கொன்று சேர்க்கும் ஊசி வகையில் காய்ச்சலும் ஊசி போட்ட இடத்தில் வீக்கமும் சற்றுக் கூடுதல்தான், ஆனால் ஓரிரு நாளில் அடங்கிவிடும்.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். அந்த ஐந்தில் ஒன்று ஹிப். பச்சிளங்குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் தரும் பாக்டீரியா. சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன போர்வையைப் போர்த்திக்கொண்டு திரியும். அந்தச் சர்க்கரையை மட்டும் ஊசியில் ஏற்றினால் இரண்டு வயதுக்குக் கீழ் அனேகமாக வேலை செய்யாது. கிருமியை ஒட்டிப்பிடிக்கும் எதிர்ப்பொருளைத் தயாரிப்பது பி செல் என்ற வெள்ளையணு. அது சர்க்கரையை அடையாளம் கண்டுகொள்ளும். ஆனால் முழுவேகத்தில் எதிர்ப்பொருள் தயாரிக்க உதவி டி செல் என்ற இன்னொரு வெள்ளையணுவின் அனுமதி வேண்டும். டி செல்லுக்கோ புரதத் துண்டுகளை மட்டுமே படிக்கத் தெரியும்.

அதனால் சர்க்கரையை ஒரு புரதத்தோடு வேதிப்பிணைப்பால் கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் நச்சுத்தன்மை நீக்கிய டெட்டனஸ் புரதம். பி செல் சர்க்கரையைப் பிடித்து விழுங்கும்போது ஒட்டிக்கொண்டிருக்கும் புரதமும் உள்ளே போகிறது. அதை நறுக்கி, துண்டுகளைத் தன் மேற்பரப்பில் காட்சிக்கு வைக்கிறது. அந்தத் துண்டை அறிந்த டி செல் வந்து அனுமதி கொடுத்துவிடுகிறது. மனுவைப் படிக்காமல், கூட வந்த சிபாரிசுக் கடிதத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடும் அதிகாரி மாதிரி! உருவாகும் எதிர்ப்பொருளோ சர்க்கரைக்கு எதிரானது. நினைவு செல்களும் தங்கிவிடுகின்றன.

சர்க்கரையைப் புரதத்தோடு கட்டலாம் என்று ஏவரி, கோபெல் என்ற இரு விஞ்ஞானிகள் காட்டியது 1929இல். அன்று “இதனால் உடனடிப் பயன் என்ன?” என்று கேட்டு நிதியை நிறுத்தியிருக்கலாம். இன்றும் அப்படித்தானே கேட்கிறோம்? 1980களில் அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 20,000 குழந்தைகளைக் கடுமையாகத் தாக்கிய ஹிப், தடுப்பூசிக்குப் பிறகு 99 சதவீதம் குறைந்தது.

ஆனால் மருந்துகளை இஷ்டத்துக்குக் கலந்துவிட முடியாது. கக்குவான் கிருமியின் சில புரதங்களை மட்டும் கொண்ட புதிய வகையோடு ஹிப் சேர்ந்தபோது, ஹிப்புக்கான எதிர்ப்பொருள் அளவு குறைந்தது. ஆகவே ஒவ்வொரு சேர்க்கையையும் தனியாகச் சோதித்தே அனுமதிக்கிறார்கள். அனுமதித்த பிறகும் கண்காணிப்பு தொடரும். தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா தடுப்பூசியோடு சின்னம்மையையும் சேர்த்த ஊசியை 12 முதல் 23 மாதக் குழந்தைகளுக்கு முதல் தவணையாகப் போட்டபோது, தனித்தனியாகப் போடுவதைவிட சுமார் 2,300 பேருக்கு ஒருவர் வீதம் காய்ச்சல் வலிப்பு கூடுதலாக வந்தது அப்படித்தான் தெரிந்தது. 4 வயதுக்குப் பின் போடும் இரண்டாம் தவணையில் அந்தக் கூடுதல் தென்படவில்லை.