கிஷோபுயி: கோழியின் அரும்பாகங்களும் அவற்றின் பெயர்களும்

ஜப்பானில் கோழிக்கறியைச் சிறு துண்டுகளாக்கி, மூங்கில் குச்சியில் கோத்து, கரித்தணலில் சுட்டு விற்கும் கடைகளின் விலைப்பட்டியலில், தொடைக்கறி, ஈரல், தோல் என்னும் வழக்கமான வரிசைக்குப் பின் ‘கிஷோபுயி’ என்று ஒரு தனித் தலைப்பு இருப்பதுண்டு. இச்சொல்லின் முற்பாதியான கிஷோ, ‘அரிது’, ‘சிறிது’ என்னும் பொருள்களைத் தரும் இரண்டு எழுத்துகளால் ஆனது. பிற்பாதியான புயி, உடலின் ஒரு பகுதியைக் குறிக்கும். விலை மிகுந்தது என்னும் பொருள் இதில் இல்லை; ஒரு கோழியிலிருந்து மிகச் சிறிதளவே கிடைப்பது என்பதே பொருள். இதனை ‘அரிய உறுப்பு’ என்று பெயர்ப்பது பொருந்தாது. கழுத்துச் சதையும் தோள்பட்டைச் சதையும் இதில் அடங்கும். அவை உறுப்புகள் அல்ல. ‘அரும்பாகம்’ என்பதே நேரான தமிழ்.

இப்பாகங்கள் இடம்பெறும் உணவின் பெயர் யக்கித்தோரி. தமிழில் யாகிடோரி என்று எழுதுவோரும் உளர். ஆனால் உயிரொலிகளுக்கு நடுவே வரும் தனிக் ககரத்தை நாம் மெலித்தே ஒலிப்போம் ஆதலால், ஒற்று இரட்டித்து எழுதுவதே மூல ஒலிக்கு அணித்தானது. தோரி என்பது பறவை. இன்றைய வழக்கில் பெரும்பாலும் கோழி. யக்கு என்னும் வினைக்குத் தமிழில் ‘சுடு’ என்பதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. நாம் தோசை சுடுகிறோம், அப்பம் சுடுகிறோம், செங்கல்லும் சுடுகிறோம். ஜப்பானியரும் தணலில் இறைச்சிக்கும், இரும்புத் தட்டில் மாவுக்கும், சூளையில் மட்பாண்டத்துக்கும் இந்த ஒரே வினையை ஆள்கின்றனர். ஆகவே இவ்வுணவைக் ‘கோழி வறுவல்’ என்றோ ‘பொரித்த கோழி’ என்றோ எழுதுவது பிழை. இதில் வாணலியும் இல்லை, எண்ணெய்ச் சட்டியும் இல்லை.

குச்சியில் கோத்துச் சுட்ட இறைச்சிக்குத் தமிழில் பழைய பெயர் உண்டா என்று தேடுவோருக்குப் பொருநராற்றுப்படை கைகொடுக்கும். கரிகாலன் அளித்த விருந்தைச் சொல்லும் இடத்தில் ‘காழிற் சுட்ட கோழூன் கொழுங்குறை’ என்று ஓர் அடி வருகிறது. காழ் என்பது இறைச்சியைக் கோக்கும் கம்பி. கோழூன் என்பதைக் கோழியின் ஊன் என்று கொண்டுவிடக் கூடாது; ‘கோழ்’ என்பதற்குக் கொழுத்த என்று பொருள். சுடச்சுட வந்த துண்டுகளை வாயின் இரு புறமும் மாற்றி மாற்றி ஒற்றி உண்டதாக அடுத்த அடி தொடர்கிறது. இந்த அடியை அடியொற்றிக் ‘காழ்ச்சூடு’ என்று ஒரு பொதுச்சொல் அமைக்கலாம். பேச்சுக்குக் ‘குச்சிக்கறி’ போதும். ‘குச்சிக்கோழி’ என்று கோழியைப் பெயருக்குள் கட்டிவிடுவதில் ஒரு சிக்கல் உண்டு. சைதாமா மாநிலத்து ஹிகாஷி-மட்சுயாமாவிலும் ஹொக்கைதோவின் முரோரானிலும் யக்கித்தோரி என்று கேட்டால் பன்றி இறைச்சியே வரும்.

இனி, இப்பாகங்கள் ஏன் அரியவை என்பதற்கு வருவோம். ஒரு கோழிக்கு இதயம் ஒன்று. ஒரு குச்சி நிறைய மூன்று நான்கு கோழிகளாவது வேண்டும். இதயத்தையும் ஈரலையும் இணைக்கும் தடித்த குழாயான ட்சுனாகி இன்னும் சிறியது. மெகிமோ எனப்படும் மண்ணீரலோ ஒரு மணியளவே இருக்கும். பெரிய இறைச்சிக்கூடங்களில் தொடையும் நெஞ்சும் சிறகும் தனித்தனியே பிரிக்கப்பட்டு மூட்டைகளாக வெளியேறுவதால், எஞ்சிய சிறு பாகங்களைத் தனியே பொறுக்கி எடுக்க அங்கு எவருக்கும் நேரமில்லை. சிறுநீரகமான செகிமோ முதுகெலும்பின் குழிவில் ஒட்டிக்கொண்டு, ரசம் காய்ச்சும் எலும்புக்கூட்டோடு போய்விடுகிறது. முழுக்கோழியாக வாங்கித் தாமே அறுத்துப் பிரிக்கும் கடைகளில்தான் இவை குச்சியேறும்.

இவற்றுள் சோச்சின் என்பது தனியே நின்று பார்க்கத் தக்கது. காகித விளக்குக் கூண்டு என்பது இப்பெயரின் பொருள். முட்டையிடும் பெட்டைக் கோழியின் கருக்குழாய்த் துண்டுகளைக் குச்சியில் குத்தி, அதன் நுனியில் இன்னும் ஓடு கட்டாத மஞ்சள் கரு ஒன்று தொங்கும்படி விடுவர். சுடுபவர் குழாய்ச் சதையைத் தணலுக்கு நேரே நிறுத்தி, மஞ்சள் உருண்டையை விளிம்பில் ஒதுக்கி வைப்பார். மெல்லிய தோல் கிழியாமல் உள்ளே இளஞ்சூடு ஏறினால் போதும். வாயிலிட்டு நாவால் அழுத்தியதும் அது உடைந்து, குழாய்ச் சதையின் மீது குழம்பாகப் பரவும். கறிக்கோழி ஏறக்குறைய 50 நாளில் அறுக்கப்படுகிறது. முட்டையிடும் பருவம் ஐந்து மாத அளவிலேயே தொடங்குகிறது. ஆகவே கறிக்கோழியில் சோச்சின் கிடைக்க வழியே இல்லை. முட்டைப் பண்ணையிலிருந்து கழிக்கப்பட்ட பெட்டையில்தான் கிடைக்கும். அந்த மஞ்சள் கருவுக்கு மட்டும் கின்கன் என்று பெயர். அது ஒரு சிறு ஆரஞ்சு வகைப் பழத்தின் பெயர். நாட்டுக்கோழி அறுத்த வீடுகளில் இதே மஞ்சள் குலையைக் குழம்பில் கண்டவர்கள் நம்மிடையே பலர் இருப்பர். ‘இடாமுட்டை’ என்றால் எவருக்கும் விளங்கும்.

பெயர்களில் ஒரு பகுதி இவ்வாறு உருவத்தால் வந்தவை. நெஞ்செலும்பின் நுனிக் குருத்தெலும்புக்கு யாகென் என்று பெயர். படகு வடிவில் குழிந்த மருந்தரைக்கும் கருவி அது. சிறகுக்கும் நெஞ்சுக்கும் இடைப்பட்ட சதை ஃபுரிசோதே. இது நீண்ட கைகளையுடைய கிமோனோ என்னும் ஜப்பானிய உடையின் பெயர். மற்றொரு பகுதி கடல் கடந்து வந்தவை. இதயத்தைக் குறிக்கும் ஹாட்சு ஆங்கிலத்திலிருந்தும், ஈரலைக் குறிக்கும் ரெபா ஜெர்மானியத்திலிருந்தும் வந்தன. ஃபுகுவோகா மாநிலத்துக் குருமேயில் பன்றிக் குடலைத் தாருமு என்பர். ஜெர்மானியச் சொல்லான அதனை அந்நகரின் மருத்துவ மாணவர்கள் வழக்கில் விட்டதாகக் கூறுவர். தொடை இடுப்பெலும்போடு சேரும் குழியில் பெருவிரல் நுனியளவு கிடக்கும் சோரிரெஸ், ‘முட்டாள் அதை விட்டுவிடுவான்’ என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் திரிபு. கோழிக்கு இரண்டே இருப்பதால், கவனமில்லாமல் அறுப்பவர் இதனை எலும்போடு எறிந்துவிடுவார் என்பது கருத்து. இதைத் தமிழாக்க முயல்வது வீண். ‘இடுப்புக்குழிச் சதை’ என்று விளக்கிவிட்டுப் பெயரை அப்படியே வைத்துக்கொள்வதே நன்று.

தமிழில் நமக்குள்ள இடர் வேறு வகையானது. கொண்டை, மண்ணீரல், கழுத்து என்று பலவற்றுக்குச் சொல் உண்டு. ஆனால் ‘மணல் ஈரல்’ என்று சொல்லுக்குச் சொல் பொருள்தரும் சுனாகிமோ என்னும் உறுப்பைச் சிலர் ‘இரைப்பை’ என்றே எழுதிவிடுகின்றனர். உயிரியல் பாடநூல்கள் ஆளும் ‘அரைவைப்பை’ என்பதே சரி, ஏனெனில் கோழி விழுங்கிய சிறு கற்களைக் கொண்டு தானியத்தை அரைப்பது அதுதான். வாலடிக் கொழுப்புச் சதையான போன்ஜிரியை ‘வாலடிக்கறி’ எனலாம். அதிலுள்ள எண்ணெய்ச் சுரப்பியை வெட்டி நீக்காமல் சுட்டால் வாடை அடிக்கும் என்பதால், அதன் சுவை முழுவதும் கத்தி பிடித்தவரின் பொறுமையைப் பொறுத்தது.

அரும்பாகங்களைத் தேடிச் செல்வோர் விலைப்பட்டியலில் கவனிக்க வேண்டிய மற்றொரு சொல் ‘அசாபிகி’. அன்று காலையில் அறுத்த கோழி என்பது பொருள். ‘ஜிதோரி’ என்றிருந்தால் அது வேளாண் தர விதிப்படி நாட்டு இனத்தின் கலப்பு பாதிக்குக் குறையாமல், 75 நாளுக்குக் குறையாமல் வளர்க்கப்பட்ட கோழி. ‘கிஷோபுயி வா அரிமாஸ் கா’ என்று கேட்டால் அன்று கையிருப்பில் உள்ளவற்றைச் சொல்வர். ஒவ்வொன்றும் சில குச்சிகளே இருக்கும் ஆதலால், கடை திறந்ததும் செல்வோருக்கே வாய்ப்பு. சிலர் ஈரலையும் பிறவற்றையும் நடுவில் சிவப்பாக விட்டுச் சுடுவதைத் திறமையாகக் கருதுகின்றனர். கோழி இறைச்சியின் உட்பகுதி 75 பாகை செல்சியசில் ஒரு நிமிடமாவது வேக வேண்டும் என்பது அந்நாட்டுச் சுகாதாரத் துறையின் அறிவுரை ஆதலால், நன்றாகச் சுட்டுத் தரும்படி கேட்பதில் தயக்கம் வேண்டியதில்லை.