நிதி திரட்டும் விழா காப்பகத்துக்காக என்றால், குட்டியை மேடை ஏற்றாதீர்கள்

விலங்குக் காப்பகங்களில் மருத்துவம் பார்க்கும் கால்நடை மருத்துவர் நான். காப்பகத்துக்காக விருந்து, ஏலம், இசை என்று பெரிய விழா எடுத்து நன்கொடை திரட்டுபவர்கள் முன்கூட்டியே என்னிடம் பேசுவதுண்டு. அவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "டாக்டர், எந்தக் குட்டியை மேடைக்குக் கொண்டு வரலாம்?" என்பதுதான். எதையும் கொண்டு வராதீர்கள் என்றுதான் சொல்வேன்.

குட்டியை நேரில் பார்த்தால் மனம் இளகும், தாராளமாகக் கொடுப்பார்கள் என்று நினைப்பது இயல்புதான். அவர்களுடைய நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அரங்கில் அந்த விலங்கு என்ன பாடுபடுகிறது என்பது மேசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. ஒலிபெருக்கி, கைதட்டல், கண்கூசும் விளக்கு, முன்பின் தெரியாத நூறு பேரின் வாடை. நாய் பயந்தால் குரைக்கும், உறுமும் என்றுதான் பலர் எதிர்பார்க்கிறார்கள். பல நாய்கள் பயத்தில் அப்படியே உறைந்துபோய்விடும். தூக்கமே வராத நேரத்தில் கொட்டாவி விடும், உதட்டை நக்கிக்கொண்டே இருக்கும், கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கும், வாலை இடுக்கிக்கொள்ளும், காதைப் பின்னால் மடக்கும். அதைப் பார்த்து "எவ்வளவு சமர்த்தாக இருக்கிறது!" என்று எல்லோரும் நெகிழ்ந்துபோவதை விழாக்களில் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் யாராவது குனிந்து முகத்தோடு முகம் வைத்தால் கடி விழலாம். கடித்த நாய் என்று ஒருமுறை பெயர் எழுதிவிட்டால், அதற்கு வீடு கிடைப்பது மிகவும் கஷ்டம்.

பூனைக்கு வரும் கேடு இன்னும் மறைவானது. பூனைகளிடம் பரவலாகக் காணப்படும் ஹெர்பிஸ் வைரஸ், ஒருமுறை தொற்றினால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க உடலுக்குள்ளேயே ஒடுங்கிக் கிடக்கும். மன அழுத்தம் வந்தால் மறுபடி தலைதூக்கும். விழா முடிந்து ஒரு வாரம் கழித்துத் தும்மலும் கண்ணில் நீர்வடிதலும் தொடங்கும், பக்கத்துக் கூண்டுகளுக்கும் பரவும். அதற்குள் விழாவை எல்லோரும் மறந்திருப்பார்கள். இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

குட்டிகள் விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராகவே இருப்பேன். காப்பகக் குட்டிகளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தடுப்பூசி போட்டுக்கொண்டே வருகிறோம். குறைந்தது 16 வார வயதாவது ஆகும்வரை அந்தப் பாதுகாப்பை முழுமையானது என்று நம்ப முடியாது. குட்டிகளுக்குக் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தந்து உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் தரையிலும் செருப்பிலும் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். சாதாரணமாகத் தரை துடைக்கும் திரவத்துக்கெல்லாம் அது சாகாது. அழுக்கைக் கழுவிவிட்டு, நீர்த்த ப்ளீச் போட்டுச் சில நிமிடம் ஊறவிட வேண்டும். இப்படிப்பட்ட குட்டியை மேசை மேசையாக மடிமாற்றிக் கொஞ்சினால், அது காப்பகத்துக்கு எதைக் கொண்டு திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.

குட்டியை ஏலப் பொருளாக வைப்பதைப் பற்றி ஒரே வரி: கூடவே கூடாது. தத்து எடுப்பவர் வீட்டாரோடு பேசி, யோசித்து எடுக்க வேண்டிய முடிவு அது.

அப்புறம், விழா முடிந்ததும் மேசைப் பூக்களையும் மிச்ச இனிப்புகளையும் அன்போடு காப்பகத்துக்கு அனுப்பி வைப்பவர்கள் உண்டு. லில்லிப் பூவின் மகரந்தம் உடம்பில் பட்டு, பூனை அதை நக்கினாலே போதும், சில நாட்களில் சிறுநீரகம் செயலிழக்கலாம். பூச்சாடித் தண்ணீரும் ஆபத்துதான். சாக்லேட், உலர்திராட்சை, சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சைலிட்டால் கலந்த இனிப்பு எல்லாம் நாய்க்கு நஞ்சு.

சரி, மேடையில் என்னதான் காட்டுவது? விலங்கு தன் இடத்தில் நிம்மதியாக இருக்கும்போது எடுத்த காணொளியைக் காட்டுங்கள். தத்தெடுத்த குடும்பத்தினர் வந்து பேசட்டும். கூண்டு கழுவும் பணியாளரிடம் ஒலிவாங்கியைக் கொடுங்கள். அவர் சொல்வதை நன்கொடையாளர்கள் கவனமாகக் கேட்பார்கள்.

பணம் எதற்கு என்பதுதான் இதைவிடப் பெரிய கேள்வி. பெயர்ப்பலகை வைத்த புதிய கட்டடத்துக்கும் கூண்டுகளுக்கும் கொடுக்கப் பலர் விரும்புகிறார்கள். கணக்கு வேறு மாதிரி. ஒரு காப்பகத்தில் 50 கூண்டு, ஒரு விலங்கு சராசரியாக 30 நாள் தங்குகிறது என்றால், மாதத்துக்குச் சுமார் 50 விலங்குகளுக்கு இடம் கொடுக்கலாம். தங்கும் நாளை 15 ஆகக் குறைத்தால், அதே 50 கூண்டில் 100 விலங்குகள். ஒரு செங்கல்கூட வைக்கத் தேவையில்லை. நெரிசல் இல்லாததால் நோயும் குறையும்.

நாட்கள் எங்கே வீணாகின்றன என்று நான் பார்த்தவரை: கருத்தடை அறுவைக்குக் காத்திருப்பது, தோல்நோய்க்கு மருந்து வராமல் தள்ளிப்போவது, தத்து கேட்டு வரும் அழைப்பை எடுக்க ஆள் இல்லாதது. அறுவை சிகிச்சை மருத்துவர் வாரத்தில் கூடுதலாக ஒரு நாள் வருவதற்கான சம்பளத்தைக் கொடுத்தால், பல விலங்குகள் வாரக்கணக்கில் முன்னதாகவே வீடு போய்ச் சேரும். கருத்தடைக்குக் கொடுக்கும் பணம் நுழைவாயிலிலும் வேலை செய்கிறது: காப்பகத்துக்கு வந்து சேரும் குட்டிகளே குறையும். பெண் பூனை நான்கைந்து மாத வயதிலேயே சினையாகலாம். சினைக்காலம் சுமார் 9 வாரம்தான். குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த ஈற்றுக்குச் சினைபிடிக்கவும் கூடும்.

துணி துவைக்கும் இயந்திரம், கையுறை, கிருமிநாசினி, தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்கும் குளிர்பெட்டி, மின்சாரம் போனால் அதற்கு மாற்று ஏற்பாடு. இவற்றுக்கு யாரும் மேடையில் கைதட்டமாட்டார்கள். இவை இல்லாமல் ஒரு நாள்கூட எங்களால் ஒழுங்காக வேலை பார்க்க முடியாது. அதனால்தான் "காப்பகம் தேவைக்கேற்பச் செலவழித்துக்கொள்ளட்டும்" என்று நிபந்தனை இல்லாமல் வரும் பணத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அடிபட்ட ஒரு நாயின் படத்தைக் காட்டித் திரட்டினால், அதன் சிகிச்சைக்குப் போக மிஞ்சுவது மற்ற விலங்குகளுக்குப் போகும் என்பதை அன்றே சொல்லிவிடுங்கள். பிறகு சங்கடம் வராது.

காப்பகத்தின் பங்கும் இதில் உண்டு. விழாவில் திரண்ட மொத்தத் தொகை, அரங்குக்கும் விருந்துக்கும் ஆன செலவு, கைக்கு வந்த மிச்சம் மூன்றையும் கொடுத்தவர்களுக்கு எழுதி அனுப்ப வேண்டும். ஆறு மாதம் கழித்து இன்னொரு கடிதம் போடுங்கள்: விழாவுக்கு முன் ஒரு விலங்கு சராசரியாக எத்தனை நாள் தங்கியது, இப்போது எத்தனை நாள், அறுவைக்குக் காத்திருப்பவை எத்தனை. நாட்கள் குறையவில்லை என்றால் காரணத்தையும் அதிலேயே எழுதுங்கள்.