'ஊதா உரைநடை' வேண்டாம், 'மிகையணி நடை' போதும்

புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்துச் சிறுகதைப் பட்டறைகளில் இப்போது 'ஊதா உரைநடை' என்ற சொல் தாராளமாகப் புழங்குகிறது. அளவுக்கு மீறி அலங்கரித்த எழுத்தை ஆங்கிலத்தில் பர்ப்பிள் புரோஸ் என்பார்கள். அதில் நிறத்தை மட்டும் தமிழாக்கியிருக்கிறார்கள். இது புரியாத சொல் என்றால்கூடப் பொறுக்கலாம். தப்பாகப் புரிகிற சொல்.

மூலம் லத்தீன். கி.மு. முதல் நூற்றாண்டில் ஹொராஸ் என்ற ரோமானியக் கவிஞர் கவிதைக் கலை பற்றி எழுதியபோது, பகட்டாகத் தொடங்கும் படைப்பில் பளிச்சென்று தெரியட்டும் என்று ஓரிரு பர்ப்பிள் துணித் துண்டுகளை ஒட்டுப்போடுகிறார்கள் என்று கடிந்தார். அந்தச் சாயம் கடல் நத்தையிலிருந்து வந்தது. 1909இல் ஃப்ரீட்லேண்டர் என்ற வேதியியலாளர் 12,000 நத்தைகளைக் கொண்டு எடுத்தது 1.4 கிராம்தான். ஆகவே அங்கே பேச்சு நிறத்தைப் பற்றியதல்ல, செல்வப் பகட்டைப் பற்றியது.

பழைய தமிழ் பைபிள் மொழிபெயர்ப்பாளர்களுக்கு இது தெரிந்திருந்தது. லூக்கா 16ஆம் அதிகாரத்துப் பணக்காரன் உடுத்தியது ஊதாத் துணி அல்ல, 'இரத்தாம்பரம்'. சொல்லின் நேர்ப்பொருள் சிவப்பு ஆடைதான், ஆனாலும் பைபிள் வாசகருக்கு அது அரசரும் பணக்காரரும் உடுத்தும் உடை. நம் ஊதாவில் அரசனும் இல்லை, பணக்காரனும் இல்லை. ஐ.பி.எல். கிரிக்கெட்டில் அதிக விக்கெட் எடுத்தவருக்குத் தருவதை 'ஊதா தொப்பி' என்பது சரி, தொப்பியே ஊதாதான். உரைநடைக்கு ஏது நிறம்?

'மஞ்சள் பத்திரிகை நிலைக்கவில்லையா?' என்று கேட்பார்கள். நிலைத்தது, பொருள் மாறி நிலைத்தது. ஆங்கிலத்தில் அது பரபரப்புக்காக மிகைப்படுத்தும் இதழியல். தமிழில் பெரும்பாலோர் காதுக்கு ஆபாசப் பத்திரிகை. நீலப்படம் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. மஞ்சளும் நீலமும் இப்படி ஆன மொழியில், ஒருவர் கதையை 'ஊதா' என்றால் அவர் என்ன எழுதிவிட்டதாக மற்றவர்கள் நினைப்பார்கள்? குறை சொல்ல வந்த இடத்தில் அவதூறு சொன்னதாகிவிடும். அகராதியைப் பார்த்து நிறத்தை எடுத்துவைப்பவர்கள், தமிழில் அந்த நிறம் ஏற்கெனவே எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பதே இல்லை.

'அலங்கார நடை' என்பதும் போதாது. தண்டியலங்காரம் படித்த மொழியில் அலங்காரம் குற்றம் ஆகாது. 'அடுக்குமொழி' மேடைக்குரியது, காதுக்காகச் செய்தது, அங்கே அது வேலை செய்கிறது. 'சொற்சிலம்பம்' சொல்லை வைத்து விளையாடுவது. நமக்கு வேண்டியது மிகையைச் சுட்டும் சொல். நன்னூல் பத்துக் குற்றங்களில் 'மிகைபடக் கூறல்' இருக்கிறது. அந்த 'மிகை'யோடு 'அணி'யைச் சேர்த்தால் மிகையணி நடை. விளக்கவுரை தேவையில்லை.

குற்றம் எங்கே என்று ஒரு வாக்கியத்தில் பார்க்கலாம். கடலூர் முதுநகரில், கடலுக்குப் போன கணவனுக்காகக் கரையில் நிற்கும் பெண்ணின் கதை:

'பொற்கதிர்களை அலைமகளின் நீலமேனியெங்கும் வாரி இறைத்தபடி எழுந்த ஆதவனின் ஒளியில் முத்துக் கோத்தாற்போல் மின்னிய நுரைகளைக் கிழித்துக்கொண்டு அன்னமென அசைந்து வந்தது படகு.'

'படகு' கடைசியில் வருகிறது. ஆங்கிலத்தில் அணியைப் பெயருக்குப் பின்னாலும் தொங்கவிடலாம். தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன்னால்தான் வரும். இங்கே 'எழுந்த', 'மின்னிய' என்று ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு. போதாதென்று 'இறைத்தபடி', 'கிழித்துக்கொண்டு'. எல்லாவற்றையும் சுமந்துகொண்டுதான் வாசகர் படகுக்கு வந்து சேர வேண்டும். அதனால் இந்த நோய் ஆங்கிலத்தைவிடத் தமிழில் சீக்கிரம் முற்றும். ஒரு பெயருக்கு முன்னால் இரண்டு பெயரெச்சம் வந்தாலே வாக்கியத்தை வெட்டிப் பார்ப்பது நல்லது.

அதைவிடப் பெரிய பிழை, பார்ப்பது யார் என்பது. இரவெல்லாம் தூங்காமல் நிற்பவள் கண்ணில் அலைமகளும் அன்னமும் படாது. 'படகு தெரிந்தது. ஆட்களை எண்ணினாள். மூன்று பேர்தான்.' எத்தனை பேர் போனார்கள் என்று முன்பே சொல்லியிருந்தால் இது போதும். உவமை வேண்டுமென்றால் ஒன்று, அதுவும் அவள் புழங்கும் பொருளிலிருந்து.

பர்ப்பிள் பேட்ச் என்று தனியே சொல்ல வேண்டிய இடமும் உண்டு: கதை முழுக்க எளிமையாக இருந்து, ஒரு பத்தி மட்டும் திடீரென்று பட்டுக் கட்டிக்கொள்ளும். ஹொராஸ் சொன்ன துணித் துண்டு அதுதான். அதற்கு 'மிகையணிப் பத்தி'. படைப்பு முழுக்க அப்படியே என்றால் மட்டும் 'மிகையணி நடை'.