கரண்ட் எடுத்த நாளின் சான்றிதழ்

கடந்த கச்சான் காலத்தில் (காய்ந்த காற்று வீசும் மாதங்கள்) மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதியில் ஒரு வீட்டுக்கு மின்வேலைக்கு வரச்சொன்னார்கள். கிணற்றடிக் குழாயைத் தொட்டால் கை விறுவிறுக்கிறதாம். மெயின் சுவிட்ச் எங்கே என்று கேட்டதுமே அந்த வீட்டு அம்மா உள்ளே போய், பிளாஸ்டிக் உறையில் பத்திரப்படுத்தி வைத்திருந்த ஒரு கடதாசியைக் கொண்டுவந்து நீட்டினார். "சேட்டிபிக்கட் இருக்குதானே தம்பி, கரண்ட் எடுக்கக்குள்ள தந்தது."

அது ஒழுங்கான வயரிங் சோதனை அறிக்கைதான். ஐந்து பல்ப், இரண்டு பிளக், ஒரு ட்ரிப் சுவிட்ச் (மின்சாரம் கசிந்தால் தானாக விழுவது) என்று 2009 இல் எழுதியது. நான் நின்ற வீட்டிலோ பின்பக்கம் இரண்டு அறைகள் கூடியிருந்தன. மேலே ஏசி, குளியலறையில் தண்ணீர் சூடாக்கி, வளவில் கிணற்று மோட்டர். இவற்றில் ஒன்றுகூட அந்தக் கடதாசியில் இல்லை.

புதிதாக மின்சாரம் எடுக்கும்போது மின்சாரம் தருகிறவர்கள் இந்த அறிக்கையைக் கேட்பார்கள். பிறகு மூன்று பேஸுக்கு மாறுவதென்றாலோ, கூரையில் சோலார் போடுவதென்றாலோ மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் நீங்களாக ஒரு அறையைக் கட்டி, பழைய பிளக்கிலிருந்து வயர் இழுத்து ஏசி மாட்டினால் யாரும் வந்து பார்ப்பதில்லை. அறிக்கை சொல்வது அன்றைக்கு இருந்த வீட்டை மட்டும்தான்.

அந்த அம்மாவின் மகன் லண்டனில் இருக்கிறார். போனில் வந்தவர், "அங்க இப்பிடி விட மாட்டாங்கள் அண்ணா" என்றார். உண்மைதான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 முதல் வீட்டு மின்வேலை கட்டட விதிகளுக்குள் வருகிறது. எல்லாச் சின்ன வேலைக்கும் அல்ல. 2013 இல் இங்கிலாந்தில் அறிவிக்க வேண்டிய வேலைகளின் பட்டியலைச் சுருக்கிவிட்டார்கள்: புதிய சுற்று (தனி லைன்) இழுப்பது, பிரேக்கர் பெட்டியை மாற்றுவது, குளிக்கும் இடத்தை ஒட்டிய வேலைகள். இவற்றை உள்ளூராட்சிக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். பதிவு பெற்ற எலெக்ட்ரீஷியன் என்றால் அவரே உறுதிப்படுத்தலாம். 30 நாளுக்குள் வீட்டுக்காரர் கையில் சான்றிதழ் வந்துவிடும். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் முதலில் கேட்கும் கடதாசிகளில் அதுவும் ஒன்று. இங்கே அப்படிக் கேட்பார் இல்லாதபடியால் வீட்டுக்காரர்தான் கேட்க வேண்டும்.

சரி, குழாய்க்கு வருவோம். மோட்டர் ஓடும்போதெல்லாம் ட்ரிப் விழுந்திருக்கிறது. தொல்லை தாங்காமல் யாரையோ கொண்டு மோட்டர் லைனை ட்ரிப்புக்கு முன்னாலேயே கொடுத்துவிட்டார்கள். மோட்டர் வைண்டிங்கில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருளில்) ஈரம் ஏறிக் கசிகிறது என்பதைத்தான் அந்த ட்ரிப் ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டிருந்தது. சொன்ன வாயை அடைத்துவிட்டார்கள்.

கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த்தின் தடையை அளந்தேன், 640 ஓம். இது குறையக் குறையத்தான் நல்லது. நம் கரையோர மண் வெறும் மணல். மாரியில் தண்ணீர் நிற்கும், கச்சானில் எர்த் கம்பியைச் சுற்றிப் பொடியாகக் காய்ந்துவிடும். 640 ஓமில் 230 வோல்ட் நேராக இறங்கினாலும் அரை அம்பியர்கூட ஓடாது. அளவுக்கு மிஞ்சி மின்சாரம் ஓடினால் மட்டும் விழும் 16 அம்பியர் பிரேக்கர் அதற்கு அசையவே அசையாது. அந்த இடத்தில் உயிரைக் காப்பது 30 மில்லி அம்பியர் கசிவுக்கே விழும் ட்ரிப் ஒன்றுதான். அதைத் தாண்டித்தான் வயர் போயிருந்தது. அதனால்தான் மோட்டரின் கசிவு குழாயில் நின்று கையில் விறுவிறுத்தது.

"பட்டனை அமத்தினா விழுகுதே" என்றார் அம்மா. பலரும் இதை நம்பித்தான் இருக்கிறார்கள். அந்த டெஸ்ட் பட்டன் ட்ரிப் பொறி வேலை செய்கிறதா என்பதை மட்டும் காட்டும். எர்த் கம்பியே இல்லாத வீட்டிலும் பட்டனை அமத்தினால் ட்ரிப் விழும். மாதம் ஒருமுறை அமத்துங்கள், நல்லது. ஆனால் எர்த்தை மீட்டர் வைத்து அளந்தால்தான் தெரியும்.

அதனால் புதிய லைன் ஏதும் இழுத்தால், காசு கொடுக்கும் முன் எலெக்ட்ரீஷியனிடம் மூன்று அளவுகளை எழுதி வாங்குங்கள். 500 வோல்ட் மெகரில் (காப்பை அளக்கும் மீட்டர்) வயரின் காப்பு எவ்வளவு (ஒரு மெகா ஓமுக்குக் குறையக் கூடாது), எர்த் எத்தனை ஓம் (200 ஐத் தாண்டினால் நம்ப முடியாது), ட்ரிப் எத்தனை மில்லி செக்கனில் விழுந்தது (300 க்குள் விழ வேண்டும்). அளக்கக் கருவி இல்லை என்பவரிடம் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள். திகதி, கையொப்பம், அவருடைய என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழ் இலக்கம் மூன்றும் இருக்கட்டும்.

அப்புறம், வெள்ளக் காலத்தில் ஜெனரேட்டரை வீட்டுப் பிளக்கில் குத்துகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், வெளி லைனும் ஜெனரேட்டரும் ஒன்றுசேர விடாத சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் செய்யாதீர்கள். உங்கள் மின்சாரம் வெளி லைனுக்குப் போய், டிரான்ஸ்போமர் ஊடாகப் பல்லாயிரம் வோல்ட்டாக ஏறும். அப்போது தூணில் ஒரு தொழிலாளி நிற்பார்.

ஆரையம்பதி வீட்டில் மோட்டரைக் கழற்றி வைண்டிங் கடைக்கு அனுப்பினோம். இன்னும் இரண்டு எர்த் கம்பிகளை ஈரம் தட்டும் ஆழம்வரை இறக்கி இணைத்தோம், மோட்டர் லைனை ட்ரிப்புக்குள் கொண்டுவந்தோம். புது அளவுகளை எழுதிக் கொடுத்தபோது, "அப்ப பழையத எறியட்டா?" என்று கேட்டார். வேண்டாம் அம்மா, இரண்டையும் ஒரே உறையில் வையுங்கள், அடுத்த வேலைக்கு வருகிறவரிடம் முதலில் அதைக் காட்டுங்கள் என்றேன்.