புரோலாக் என்பதற்கு ‘முன்கட்டு’

புரோலாக் கிரேக்கச் சொல். ‘புரோ’ என்றால் முன், ‘லோகோஸ்’ என்றால் பேச்சு. கிரேக்கத் துன்பியல் நாடகத்தில் பாடற்குழு அரங்குக்கு வருமுன் நடக்கும் பகுதிக்கு இந்தப் பெயர். கணினித் துறையிலோ, ஒரு ஃபங்ஷனின், அதாவது பெயர் சொல்லி அழைக்கக்கூடிய ஒரு நிரல்துண்டின், சொந்த வேலை தொடங்குவதற்கு முன்னால் கம்பைலர் (நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) தானாகச் சேர்க்கும் சில கட்டளைகளை இப்படிச் சொல்கிறார்கள். நாம் எழுதிய நிரலில் அவை கண்ணில் படாது.

தமிழில் சொல்லப் போனால் ‘முன்னுரை’தான் முதலில் வாயில் வரும். ‘பாயிரம்’ இன்னும் அழகு. நன்னூல் அதற்கு முகவுரை, நூன்முகம் என்று பல பெயர்களை அடுக்குகிறது. ஆனால் இவையெல்லாம் நூலைப் பற்றிய பேச்சு. நம் கட்டளைகள் எதைப் பற்றியும் பேசவில்லை, வேலை செய்கின்றன.

64 பிட் விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் கம்பைலர் தரும் ஒரு சின்ன ஃபங்ஷனைப் பிரித்துப் பாருங்கள். பல நேரம் இப்படித் தொடங்கும்: ‘புஷ் ஆர்பிஎக்ஸ்’, 2 பைட். அடுத்து ‘சப் ஆர்எஸ்பி, 32’, 4 பைட். ஆர்பிஎக்ஸ் என்பது ஒரு பதிவகம், செயலிக்குள்ளேயே மதிப்பை வைத்துக்கொள்ளும் சிறு இடம். நம்மை அழைத்த ஃபங்ஷன் அதில் வைத்திருந்த மதிப்பு கெடாமலிருக்க முதல் கட்டளை அதை ஸ்டாக்கில், அதாவது ஃபங்ஷன்கள் தற்காலிகமாகப் பயன்படுத்தும் நினைவகத்தில், பத்திரப்படுத்துகிறது. இரண்டாவது, ஸ்டாக்கின் உச்சியைக் காட்டும் ஆர்எஸ்பி பதிவகத்தை நகர்த்தி 32 பைட் இடம் பிடிக்கிறது. இவை இரண்டும் இரண்டு முடிச்சுகள். அதனால்தான் நான் ‘முன்கட்டு’ என்கிறேன். பழைய வீட்டின் முன்கட்டைப் போல நுழைந்ததும் வருவது. கட்டிவைப்பது என்ற பொருளும் அதிலேயே இருக்கிறது. எபிலாக் என்பது பின்கட்டு. வெளியேறும்போது முடிச்சுகளை அவிழ்க்கும் இடம்.

சரி, நடுவில் எக்செப்ஷன், அதாவது வழக்கமான ஓட்டத்தை முறிக்கும் பிழை, எழுந்தால்? ஓட்டம் பின்கட்டை எட்டாமலே வெளியேறும். முடிச்சுகளை யார் அவிழ்ப்பது?

இதற்காகக் கம்பைலர் நிரலுக்குப் பக்கத்திலேயே ஓர் அட்டவணையும் எழுதி வைக்கிறது. நம் ஃபங்ஷனுக்கு அதில் இரண்டே வரிகள். 6 என்ற எண்ணோடு ‘32 பைட் இடம் பிடித்தது’. 2 என்ற எண்ணோடு ‘ஆர்பிஎக்ஸைத் தள்ளியது’. ஒவ்வொரு கட்டளையும் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட்டில் முடிகிறது என்பதே அந்த எண். கடைசி முடிச்சு முதலில் வருகிறது, ஏனென்றால் அவிழ்க்கும் வரிசை அதுதான். முன்கட்டின் நடுவிலேயே, அதாவது 2 பைட் ஓடி முடிந்த நிலையில் தடுக்கி நின்றாலும் குழப்பமில்லை. அட்டவணையைப் படித்து அவிழ்க்கும் விண்டோஸ், 6-ஐ விட்டுவிட்டு 2-ஐ மட்டும் அவிழ்க்கும். இன்னும் போடாத முடிச்சை அவிழ்க்க முடியாதல்லவா? எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்த இடம் இது. ஆங்கிலத்தில் ‘அன்வைண்டிங்’ எனப்படும் இதற்கு, முன்கட்டு என்று வைத்துக்கொண்டால், ‘கட்டவிழ்ப்பு’ தானாகவே வந்து பொருந்துகிறது.

32 பிட் விண்டோஸில் கதை வேறு. எக்செப்ஷனைக் கையாளும் ஃபங்ஷன், தன் முன்கட்டிலேயே, பிழை வந்தால் எதை அழைப்பது என்ற குறிப்பைச் சங்கிலியில் கோத்துவிட்டுத்தான் உள்ளே போகும். பிழை வந்தாலும் வராவிட்டாலும் ஒவ்வோர் அழைப்பிலும் அந்தச் செலவு உண்டு. அட்டவணை முறையில் எக்செப்ஷன் எழும்போதுதான் செலவு. லினக்ஸிலும் இதே வழக்கம்தான், அட்டவணையின் வடிவம் மட்டும் வேறு.

அப்புறம், வேறு எதையும் அழைக்காத, ஸ்டாக்கைத் தொடாத, அழைத்தவரின் பதிவகங்களையும் மாற்றாத ஃபங்ஷனுக்கு 64 பிட் விண்டோஸில் முன்கட்டும் கிடையாது, அட்டவணையில் வரியும் கிடையாது.