நாடக மேடையில் மைக் எங்கே இருக்க வேண்டும்?

பட்டர்வொர்த்திலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் ஊர்க் கோயில் மண்டபத்தில் ஆண்டுதோறும் நடக்கும் தமிழ் நாடகத்துக்கு, மேடைக்கு மேலே நான்கு மைக்குகளைத் தொங்கவிடுகிறார்களாம். ஐந்தாவது வரிசைக்குப் பின்னால் வசனம் புரிவதில்லை. ஒலியைக் கூட்டினால் ஊளைச் சத்தம் கிளம்பிவிடுகிறது. இன்னும் நன்றாக ‘இழுக்கும்’ மைக்காக வாங்கினால் சரியாகுமா என்று கேட்கிறார்.

ஆகாது. எந்த மைக்கும் ஒலியை இழுப்பதில்லை. தன்மீது வந்து மோதும் காற்றழுத்த மாற்றத்தை மின்னழுத்த மாற்றமாக ஆக்குவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. பள்ளியில் படித்த இருபடி எதிர்விகித விதியின்படி, தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் நேரடியாக வரும் குரல் 6 டெசிபல் குறைகிறது. நடிகரின் வாயிலிருந்து இரண்டரை மீட்டர் தள்ளித் தொங்கும் மைக்கையும், கன்னத்தோரம் 5 சென்டிமீட்டரில் இருக்கும் மைக்கையும் ஒப்பிட்டால், தூரத்தில் ஐம்பது மடங்கும் குரலில் ஏறத்தாழ 34 டெசிபலும் வேறுபாடு. ஆனால் மின்விசிறியின் இரைச்சலும் சுவர்களில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் ஒலிபெருக்கியின் சத்தமும் இரண்டு மைக்குகளிலும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் விழுகின்றன. ஒலிபெருக்கியிலிருந்து புறப்பட்டு மைக்கில் நுழையும் ஒலி, பெருக்கப்பட்டு மறுபடி வெளியே வரும்போது முன்பைவிடக் குறையாமல் இருந்தால், ஏதோ ஓர் அதிர்வெண் சுற்றுக்குச் சுற்று வளர்ந்து ஊளையாகிவிடும். திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும்போதெல்லாம் ஊளைக்கு முன்னால் நமக்குக் கிடைக்கும் இடைவெளியில் 3 டெசிபல் போய்விடுகிறது. ஆக, நான்கு மைக்குகளைத் தொங்கவிட்டவர்கள் தொடக்கத்திலேயே 6 டெசிபலை இழந்துவிட்டுத்தான் நாடகத்தை ஆரம்பிக்கிறார்கள்.

கோலாலம்பூர்ச் செந்தூலில் 2005-இல் திறக்கப்பட்ட கேஎல்பேக் நிகழ்கலை வளாகத்தின் சிறிய அரங்கு போன்ற இடங்களில், பயிற்சி பெற்ற குரலுக்கு மைக்கே வேண்டியதில்லை என்பது என் கருத்து. பெரிய மண்டபங்களில் அந்தச் சலுகை கிடையாது. அங்கே மைக் நடிகரோடு சேர்ந்தே நடமாட வேண்டும். அதைச் சாத்தியமாக்கியவற்றுள் முக்கியமானது, 1962-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வெஸ்ட்டும் கெர்ஹார்ட் செஸ்லரும் உருவாக்கிய எலெக்ட்ரெட் மைக். மின்தேக்கி மைக்குக்கு வெளியிலிருந்து கொடுக்க வேண்டியிருந்த மின்னழுத்தத்துக்குப் பதிலாக, மெல்லிய டெஃப்லான் படலம் ஒன்றிலேயே மின்னூட்டத்தை நிலையாகத் தங்கவைத்தார்கள். சில மில்லிமீட்டர் அகலத்தில், நெற்றி முடிக்குள் ஒளித்துவைக்கக்கூடிய மைக் அதிலிருந்து பிறந்தது.

அதை எங்கே பொருத்துவது? செய்தி வாசிப்பாளரைப் பார்த்துப் பழகிய நாம், சட்டை மார்பில் குத்திவிடுகிறோம். வாயிலிருந்து வரும் உயர் அதிர்வெண்கள் பெரும்பாலும் முன்னோக்கியே செல்வதாலும் மோவாய் குறுக்கே நிற்பதாலும், மார்பில் இருக்கும் மைக்கில் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதி மெலிந்துவிடுகிறது. வலி, வளி, வழி என்னும் மூன்றையும் காது பிரித்தறிய உதவும் குறிப்புகளில் முக்கியமானதாகிய மூன்றாம் ஒத்ததிர்வு (வாயறையின் வடிவத்தால் குரலில் வலுப்பெறும் அதிர்வெண் பகுதிகளில் கீழிருந்து மூன்றாவது), ஏறத்தாழ அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. நாக்கு மடங்கும்போது அது கீழே இறங்குகிறது. நடிகர் ழகரத்தை எவ்வளவு அழகாக உச்சரித்தாலும், மார்பு மைக் அதைப் பாதிதான் கேட்கிறது. தலையைத் திருப்பினால் அந்தப் பாதியும் போய்விடும். நெற்றியிலோ கன்னத்திலோ இருக்கும் மைக், தலை எங்கே திரும்பினாலும் கூடவே திரும்புகிறது. கன்னத்தில் ஒலி வலுவாகக் கிடைக்கும். ஆனால் கம்பி தெரியும். இரண்டாம் வரிசையில் இருப்பவருக்குக் கர்ணனின் கன்னத்தில் கம்பி தெரிவதை நான் பொறுத்துக்கொள்வேன், ஒப்பனைக்காரர்கள் பொறுத்துக்கொள்வதில்லை.

எல்லாத் திசையிலிருந்தும் ஒலியை ஏற்கும் மைக்கா, முன்பக்கத்தை மட்டும் கூர்ந்து கேட்கும் மைக்கா என்று கேட்டால், இரண்டாவதுதான் ஊளையைத் தடுக்கும் என்று தோன்றும். ஆனால் திசை மைக் தன் முன்பக்கத்து அழுத்தத்துக்கும் பின்பக்கத்து அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்துதான் திசையை உணர்கிறது. வாய்க்கு மிக அருகில் வைத்தால் தாழ்ந்த அதிர்வெண்கள் அளவுமீறி வீங்குகின்றன. மூச்சுக்காற்று பட்டாலே பொருமுகிறது. கிரீடமோ பொய்முடியோ பின்துளையை மூடிவிட்டால் திசையுணர்வே கெட்டுவிடுகிறது. எல்லாத் திசை மைக்கின் பின்பக்கம் மூடியிருப்பதால் அதற்கு இந்தத் தொல்லைகள் இல்லை. அதனால் உடலில் அணியும் மைக்காக நாடகக்காரர்கள் பெரும்பாலும் அதையே தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அதுதான்.

நெற்றியில் மைக் அணிந்த தாயும் மகனும் மேடையில் கட்டியணைத்துக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தாய் பேசுகிறாள். அவள் குரல் 12 சென்டிமீட்டர் பயணம் செய்து அவளுடைய மைக்கை அடைகிறது; 19 சென்டிமீட்டர் பயணம் செய்து மகனுடைய மைக்கையும் அடைகிறது. நம் ஊர் வெப்பத்தில் ஒலி ஒரு மில்லிவினாடியில் 35 சென்டிமீட்டர் போகும். ஆகவே அந்த 7 சென்டிமீட்டர் வித்தியாசம் 0.2 மில்லிவினாடித் தாமதம். 2,500 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அது சரியாக அரை அலை. ஒரு மைக்கில் அலை மேடாக இருக்கும் நொடியில் மற்றதில் பள்ளமாக இருக்கிறது. ஒலிக்கலவைப் பலகையில் இரண்டையும் கூட்டும்போது ஒன்றையொன்று அழிக்கின்றன. 5,000 ஹெர்ட்ஸில் முழு அலை என்பதால் சேர்ந்து வலுக்கின்றன. 7,500-இல் மறுபடி அழிவு. வரைபடமாகப் போட்டால் சீப்பின் பற்களைப் போல ஏறியிறங்கும். மகன் சற்றே விலகி வித்தியாசம் 14 சென்டிமீட்டர் ஆனால், பள்ளங்கள் 1,250, 3,750, 6,250 ஹெர்ட்ஸுக்கு நகர்ந்துவிடும். அவர்கள் அசைய அசையப் பள்ளங்கள் குரலினூடே வழுக்கிக்கொண்டே போகும். குழாய்க்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல நமக்குக் கேட்பது அதனால்தான். இருவரும் இரண்டு மீட்டர் விலகி நின்றால் மகனுடைய மைக்கில் விழும் தாயின் குரல் 24 டெசிபல் தாழ்ந்துவிடுவதால், பள்ளங்கள் இருந்தும் காதுக்குத் தெரிவதில்லை. மண்டபத்துச் சுவர் எதிரொலிகளும் இப்படிப்பட்ட பள்ளங்களை உண்டாக்கத்தான் செய்கின்றன. ஆனால் அவை இருக்கைக்கு இருக்கை மாறுபடும், இரண்டு காதுகள் கொண்ட மூளை அவற்றைப் பெரும்பாலும் சரிசெய்துகொள்ளும். பலகைக்குள் மின்கம்பியில் நேர்ந்துவிட்ட அழிவை எந்த இருக்கையில் இருப்பவராலும் மீட்க முடியாது.

இதற்குத் தீர்வு, அணைப்பு தொடங்கும் கணத்தில் ஒரு மைக்கை மூடிவிடுவது. திறந்திருக்கும் தாயின் மைக்கே மகனுடைய குரலையும் ஏற்கும். அது எல்லாத் திசை மைக்காக இருந்தால், பக்கவாட்டிலிருந்து வரும் அந்தக் குரலின் நிறமும் பெரிதாக மாறாது. திசை மைக்கில் இந்த உத்தி பலிக்காது.

வியர்வையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெற்றியிலிருந்து ஒரு துளி இறங்கி மைக்கின் வலையை அடைத்தால் உயர் அதிர்வெண்கள் உடனே மங்கிவிடும். குளிரூட்டிய ஒப்பனை அறையிலிருந்து கோயில் முற்றத்து மேடைக்கு வந்தாலும் உள்ளே ஈரம் படியலாம். காட்சி முடிந்ததும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைப்பது நல்லது.

ஒலிப்பலகையின் மீது எலுமிச்சம்பழம் வைத்துத் தொடங்கும் குழுக்கள் நம்மிடையே உண்டு. சாறு சிந்தாதவரை அதனால் கேடில்லை. ஊளை வந்ததும் கண்ணேறு என்று சொல்லிவிட்டு மைக்கை இருந்த இடத்திலேயே விட்டுவைப்பதுதான் எனக்குக் கசக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையும் பொறியியல் புலமும் சேர்ந்து, நம் மண்டபங்களின் எதிரொலியையும் அவற்றில் தமிழ் வசனம் எவ்வளவு புரிகிறது என்பதையும் அளக்க ஒரு மாணவருக்குச் சிறு நிதி ஒதுக்கலாம். பெரிய ஒலிபெருக்கிக்குக் கொடுக்கும் வாடகையைவிட அது பயனுள்ள செலவு. அமெரிக்க ஒலிப் பொறியாளர் டான் டூகன் 1970-களில் வடிவமைத்த தானியங்கிக் கலவை முறை, பேசுபவரின் மைக்குக்கு மட்டும் பங்கைக் கூட்டி மற்றவற்றைக் குறைத்துவிடும். ஆனால் அடுத்து யார் பேசப்போகிறார் என்பது அதற்குத் தெரியாது. வசனத்துக்கு வசனம் விரலால் மைக்கைத் திறந்து மூடும் மனிதருக்குத் தெரியும். கோலாலம்பூரில் வாடகைக்கு வரும் ஒலிப்பதிவாளர் தமிழ் அறியாதவராக இருந்தால், தமிழ் தெரிந்த ஒருவர் நாடகப் பிரதியோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, யார் யாரை எந்த வரியில் அணைக்கிறார் என்பதை ஒத்திகையின்போதே குறித்துக்கொடுக்க வேண்டும்.