அபாஸ்ட்ரஃபி: ஓடிப்போன எழுத்தின் இடம்

"மீனவர் சங்கம்" என்று தமிழில் எழுதும்போது தூரிகை எங்கும் நிற்பதில்லை. கீழே அதையே ஆங்கிலத்தில் எழுத வரும்போதுதான் தயக்கம். ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில் படகுகளுக்குப் பேரும் நம்பரும் எழுதுகிற தம்பி ஒருவர் ஒருநாள் என்னை நிறுத்திக் கேட்டார்: "அண்ணே, மேல ஒரு கமா போடணும்ல, அத எஸ்ஸுக்கு முன்னாடி போடவா, பின்னாடி போடவா?" நல்ல கேள்வி. ஆங்கிலம் நன்றாகப் படித்தவர்களே தடுமாறும் இடம் அது. அந்தக் கமாவின் பெயர் அபாஸ்ட்ரஃபி. பெயரின் பொருள் தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

கிரேக்கத்தில் "அபோ" என்றால் விலகி. "ஸ்ட்ரெஃபெயின்" என்றால் திரும்புதல். பேரழிவைச் சொல்லும் "கட்டாஸ்ட்ரஃபி"யும் இதே வேர்தான், அது கீழ்நோக்கிய திருப்பம். கிரேக்கப் பேச்சாளர் அவையை விட்டு முகம் திருப்பி, அங்கே இல்லாத ஒருவரையோ உயிரற்ற பொருளையோ கூப்பிட்டுப் பேசினால் அதற்கும் அபாஸ்ட்ரஃபி என்றே பெயர். புயல் நாளில் கரையில் நின்று "கடலம்மா, எம்புள்ளைய விட்டுரு" என்று ஒரு தாய் கதறுவாளே, அந்தப் பேச்சு. இந்தப் பொருளுக்குத் தமிழில் புதுச்சொல் தேட வேண்டாம். விளி என்பதே போதும்.

குறிக்கு ஏன் அதே பெயர்? இங்கே விலகிப் போனது ஓர் எழுத்து. பிரெஞ்சில் உயிரெழுத்தில் தொடங்கும் சொல் பின்னால் வந்தால் சில சிறு சொற்களின் கடைசி உயிர் விழுந்துவிடும். விழுந்த இடத்தில் ஒரு கமாவைத் தூக்கி வைக்கும் வழக்கம் 16-ஆம் நூற்றாண்டில் அங்கே அச்சில் பழகி, ஆங்கிலத்துக்கும் வந்தது. நமக்கு இது புதிதா என்ன? "உயிர்வரின் உக்குறள் மெய்விட் டோடும்" என்பது நன்னூல். படகு, எங்கே இரண்டும் சேர்ந்தால் படகெங்கே. உகரம் ஓடிவிட்டது. பவணந்தி முனிவர் "ஓடும்" என்றதைக் கிரேக்கர் "விலகித் திரும்பும்" என்றார்கள். படிக்கும் காலத்திலிருந்து எனக்கு மிகவும் பிடித்த நூற்பா அது, அதன் உறவைக் கிரேக்கத்தில் கண்டபோது ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் போகவில்லை. ஓடிய இடத்துக்குத் தமிழ் அடையாளம் வைப்பதில்லை. ஆங்கிலம் வைக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

மணி சொல்லும் "ஓ’கிளாக்" உண்மையில் "ஆஃப் த கிளாக்". நடுவில் உதிர்ந்தவற்றுக்கெல்லாம் ஒரே குறி. உடைமைக்கு வரும் எஸ்ஸும் இப்படித்தான். பழைய ஆங்கிலத்தில் பல பெயர்களோடு இ, எஸ் என இரண்டு எழுத்தும் சேர்ந்துதான் உடைமையைக் காட்டின. இ தேய்ந்தது, அதன் இடத்தில் குறி நின்றது. பன்மை எஸ்ஸுக்கு முன்னாலும் ஒருகாலத்தில் உயிரொலி இருந்து தேய்ந்ததுதான். ஆனால் நாளடைவில் குறியை உடைமைக்கு ஒதுக்கிவிட்டு, பன்மையை வெறுமனே விட்டுவிட்டார்கள். ஆகவே ராமேசுவரம் சாலையில் கடல் உணவுக் கடைப் பலகைகளில் வரும் "பிரான்ஸ்", "கிராப்ஸ்" என்ற இறாலுக்கும் நண்டுக்கும் குறி வேண்டாம். இந்தத் தவறு நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்துக் காய்கறிக் கடைகளில் ஆப்பிளுக்கும் உருளைக்கிழங்குக்கும் குறி போட்டுப் போட்டு, "காய்கறிக் கடைக்காரரின் அபாஸ்ட்ரஃபி" என்றே அதற்குப் பெயர் விழுந்துவிட்டது.

இனி தம்பியின் கேள்வி. முன்னாடியா, பின்னாடியா? தமிழர் தடுமாற ஒரு காரணம் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆறாம் வேற்றுமைக்கு நன்னூல் ஒருமைக்கு அது, ஆது என்றும் பன்மைக்கு அ என்றும் உருபு சொல்கிறது. எனது படகு, என படகுகள். இன்று "என படகுகள்" என்று யாரும் பேசுவதில்லை, ஆனால் அந்தக் கணக்கில் பார்க்க வேண்டியது உடைமை ஒன்றா பலவா என்பது. ஆங்கிலத்தில் பார்க்க வேண்டியது உடையவர் ஒருவரா பலரா என்பது. ஒரே முதலாளிக்கு மூன்று விசைப்படகு இருந்தாலும் "ஓனர்’ஸ்" தான், குறி எஸ்ஸுக்கு முன்னால். மூன்று பேர் பங்கு போட்டு ஒரே படகு வாங்கினால் "ஓனர்ஸ்’", குறி எஸ்ஸுக்குப் பின்னால். படகு உரிமையாளர் சங்கத்துக்கும் இதேதான்.

மீனவர் சங்கம் இதில் சிக்காது. "ஃபிஷர்மேன்" பன்மையில் "ஃபிஷர்மென்" ஆகிவிடுகிறது, எஸ் இல்லாமலே. பிறகு உடைமைக்காகச் சேர்க்கும் எஸ்ஸுக்கு முன்னால் குறி: "ஃபிஷர்மென்’ஸ்". பாசி எடுக்கும் பெண்களின் குழுவுக்கும் "விமென்’ஸ்" என்றே வரும். "ஃபிஷர்மேன்’ஸ்" என்று எழுதிவிட்டால் சங்கம் ஒரே ஆளுக்குச் சொந்தமாகிவிடும். தம்பிக்கு அன்று இதைத்தான் முதலில் சொன்னேன்.

"இட்ஸ்" மட்டும் தனி. படகைச் சுட்டி "அதன் இன்ஜின்" என்னும்போது குறி இல்லை. "ஹிஸ்", "ஹெர்ஸ்", "அவர்ஸ்" எதற்கும் இல்லையே, அது போலத்தான். குறி இருந்தால் அது "இட் இஸ்" என்பதன் சுருக்கம். தாமஸ், ஜேம்ஸ் போல எஸ்ஸில் முடியும் பெயர்களுக்குப் பின்னால் இன்னொரு எஸ் போடுவோரும் உண்டு, குறியோடு நிறுத்துவோரும் உண்டு. இரண்டும் ஏற்புடையவை.

நம் கரையின் வரைபடத்தை விரித்தால் உடைமையின் மூன்று வடிவங்களும் அங்கேயே கிடக்கின்றன. தெற்கே "கல்ஃப் ஆஃப் மன்னார்", தனிச்சொல்லால் வந்த உடைமை. தனுஷ்கோடிக்கு அப்பால், நாம் ராமர் பாலம் என்பது அவர்களுக்கு "ஆடம்’ஸ் பிரிட்ஜ்", ஒரே ஆதாம் என்பதால் எஸ்ஸுக்கு முன்னால் குறி. வடக்கே "பாக் ஸ்ட்ரெயிட்", 18-ஆம் நூற்றாண்டில் சென்னை ஆளுநராக இருந்த ராபர்ட் பாக்கின் பெயர், எஸ்ஸும் இல்லை, குறியும் இல்லை. "மீனவர் வலை" போல உருபு மறைந்த ஆறாம் வேற்றுமைத் தொகை என்று நாம் அதைச் சொல்லலாம்.

தமிழில் இந்தக் குறியை உடைமைக் குறி என்போர் உண்டு. எனக்கு அதில் நிறைவில்லை. "ஓ’கிளாக்"கில் எந்த உடைமையும் இல்லை. எழுத்தெச்சக் குறி என்று இன்னொரு பெயரும் வழங்குகிறது, அதுவே சரி. சொல் தொக்கி நின்று, நாம் வருவித்துப் பொருள் கொள்ளும் இடத்தை இலக்கணம் இசையெச்சம் என்கிறது. சொல்லுக்குப் பதில் எழுத்து தொக்கி நின்றால் எழுத்தெச்சம். வகுப்பில் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரைச் சொல்லிவிட்டால், "இங்க எந்த எழுத்து போச்சு?" என்று அவர்களே கேட்கத் தொடங்குவார்கள்.